எண்ணெய்க்கு முன் தண்ணீர்: கடலோர மரப்பட்டறையில் துருவோடு மல்லுக்கட்டுவது

குமரிக் கடற்கரையில் குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு பட்டறையில் ஆடி மாதம் உளியைத் தேய்த்துத் துடைத்து, எண்ணெய் பூசிப் பெட்டியில் வைக்கிறார்கள். ஆவணி பிறக்கும்போது எடுத்துப் பார்த்தால் அதே உளி, அதே இடம், அதே துரு. மேலே எண்ணெய் வழவழப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு அடியில் செம்புள்ளி. எண்ணெய் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் எண்ணெய் மேல் தப்பில்லை. உப்பை உள்ளே வைத்து அதன் மேல் எண்ணெயால் மூடியதுதான் தப்பு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அந்த நீர் சொட்டாகத் தெரிய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும். துரு தொடங்க அது போதும். உப்பும் சேர்ந்துகொண்டால் கணக்கே வேறு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு 75 விழுக்காடு ஈரப்பதம் வந்தால் தானே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டு போகும் நாள் ஏது? உப்புப் படிந்த இரும்பு இங்கே முழுசாகக் காய்வதே இல்லை.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு துருவின் அடியில் சின்னக் குழிகளில் போய்ப் பதுங்கும். குழிக்குள் அமிலத்தன்மை ஏறும், இரும்பு கரையும், குழி ஆழமாகும். இத்தனையும் செய்துவிட்டு குளோரைடு தீர்ந்து போவதில்லை. அடுத்த சுற்றுக்கு அங்கேயே இருக்கும். மேல் துருவை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்த உளி திரும்பத் திரும்ப ஒரே புள்ளியில் பூப்பதற்கு இதுதான் காரணம்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம்தான் பெரியது. குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. நடுவில் காய அவகாசம் குறைவு. ஆனாலும் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி துரு இல்லை. காற்றில் வரும் உப்புத்தூள் கடலிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள்தான் மிகுதியாக விழும். அதைத் தாண்டினால் வேகமாகக் குறையும். தேங்காப்பட்டணத்திலும் மணக்குடியிலும் சண்டை உப்போடு. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் இருக்கும் பட்டறைகளுக்கு உப்பு குறைவு, ஈரம் அதிகம். அங்கே துரு மெல்லிய போர்வை மாதிரி பரவலாக வரும், குழி விழுவது குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் இரும்பு சீக்கிரம் காயும். மார்த்தாண்டத்தில் ஒருவருக்குச் சரிப்பட்ட வழி முட்டத்தில் சரிப்படாமல் போவது இதனால்தான்.

உங்கள் உளியில் இருப்பது வெறும் ஈரத் துருவா, உப்புத் துருவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. துருவை எடுத்து, எண்ணெய் எதுவும் பூசாமல், மழைக்கால நாளில் இரண்டு மூன்று நாள் சும்மா வைத்துப் பாருங்கள். உப்பு இல்லையென்றால் முகம் முழுக்க லேசான பழுப்பு ஏறும். உப்பு இருந்தால் மற்ற இடமெல்லாம் ஓரளவு சுத்தமாக இருக்க, குழி விழுந்த இடங்களில் மட்டும் கடுகில் பாதியளவு தேன்நிறத் துளிகள் நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இரும்பு வியர்த்தது போலவே தெரியும். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருட்களைப் பாதுகாப்பவர்கள் இதை இரும்பு அழுகிறது என்பார்கள்.

உப்பு எண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெயிலும் டீசலிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். துருவுக்குப் பயந்து இரும்பைத் தண்ணீர் படாமல் வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் கடலோரத்தில் எண்ணெய்க்கு முந்தைய வேலை தண்ணீர்தான். அதுவும் கண்ட தண்ணீர் கூடாது. கடற்கரை ஊர்களில் பல கிணறுகளில் நீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதாகும். ஏசி எந்திரத்திலிருந்து சொட்டும் நீர் நல்லது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சின்னக் கருவிகளுக்குக் கட்டுப்படியாகும். மழைநீரும் ஆகும், ஆனால் கூரையில் படிந்திருக்கும் உப்பும் தூசியும் முதல் கால் மணி நேரத்தில் ஓடிவிடட்டும், அதற்குப் பிறகு பிடியுங்கள்.

உளி, இழைப்புளி அலகு, வாய்ச்சி போன்ற கைக்கருவிகளுக்கு வேலை முறை இது. முதலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவ வேண்டும். பிசுக்கு இருந்தால் அமிலம் இரும்பைத் தொடாது. கழற்ற முடிந்த பிடியைக் கழற்றிவிடுங்கள். முடியாதென்றால் அலகு மட்டும் மூழ்கும்படி நிறுத்துங்கள். இழைப்புளி அலகையும் அதன் மேல்தகட்டையும் பிரிக்காமல் ஊறவைப்பவர்கள் உண்டு. துரு அதிகம் பதுங்குவது அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒட்டியிருக்கும் இரண்டு தகட்டுக்கு இடையே நீர் தானாக ஏறி நிற்கும், காயவே காயாது.

துருவை எடுக்கச் சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்துப் பார்க்க வேண்டும். லேசான துரு ஒரு மணி நேரத்தில் போகும், தடித்தது மூன்று நான்கு மணி நேரம் எடுக்கும். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்கலாம் என்று நினைத்தால், துரு தீர்ந்த பிறகு அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கியிருக்கும்; முகம் சாம்பல் நிறமாகச் சொரசொரத்து, கூர்முனை மழுங்கியிருக்கும்.

அவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்க முடியாதவர்களுக்கு இன்னொரு கலவை உண்டு. என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, 80 கிராம் ஆப்பசோடாவைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள், மொத்தமாகக் கொட்டாதீர்கள். சோடா அமிலத்தின் கடுமையைப் பெரும்பாலும் தணித்துவிடும். ஆனால் சிட்ரேட் இரும்புத் துருவைப் பற்றி இழுத்துக் கரைக்கும் தன்மை அப்படியே இருக்கும். நல்ல இரும்பை மிக மெதுவாகத்தான் தொடும் என்பதால் 12 முதல் 24 மணி நேரம் வரை விடலாம்.

துரு போனதும் அலகைக் கழுவி, உடனே கொதிக்க வைக்க வேண்டும். கடலோரப் பட்டறைக்கு மிக முக்கியமான கட்டம் இது. பலர் தவிர்ப்பதும் இதைத்தான். எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பில்லாத நீரை எடுத்து, அடியில் ஒரு மரத்துண்டு போட்டு, அதன் மேல் அலகை வைத்து 15 முதல் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். குழிகளுக்குள் இருக்கும் குளோரைடு சூட்டில் வெளியே வரும். நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் இன்னொரு முறை. ஆர்.ஓ. சர்வீஸ்காரர் கையில் நீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார், விலை அதிகமில்லை. கொதிக்கும் முன்னும், கொதித்து ஆறிய பின்னும் நீரை அளந்து பார்த்தால் உப்பு வெளியேறுவது எண்ணாகவே தெரியும். எண் ஏறுவது நின்றால் வேலை முடிந்தது.

கொதிக்க வைத்தால் உளியின் பதம் (கூர் தாங்கும் கடினம்) போய்விடும் என்ற பயம் வேண்டாம். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. உளியின் பதம் இளக 150 டிகிரிக்கு மேல் வேண்டும். பதத்தைக் கெடுப்பது கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ்தான்: மெல்லிய முனையில் ஒரு நொடி அதிகம் பிடித்தால் நீலம் ஓடும், 300 டிகிரி தொட்டாயிற்று என்று அர்த்தம், அந்தப் பகுதி இனி கூர் தாங்காது. வார்ப்பிரும்பு இழைப்புளி உடலை மட்டும் கொதிநீரில் சட்டென்று போடக் கூடாது, விரிசல் விடலாம். குளிர்ந்த நீரில் வைத்துச் சேர்த்தே சூடேற்றி, எடுத்த பின் காற்றில் ஆற விடுங்கள்.

கொதிப்பதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. எடுபடாமல் ஒட்டியிருக்கும் மிச்சச் செந்துரு கொதிநீரில் கருந்துருவாக மாறும். அது இரும்போடு ஒட்டிக்கொள்ளும், உதிராது, ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. கறுத்த திட்டுகள் தெரிந்தால் அவற்றைச் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. கறை வேறு, துரு வேறு. கொதிநீரிலிருந்து எடுத்த இரும்பு சூட்டிலேயே அரை நிமிடத்தில் காய்ந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் பூசினால் குழி வரைக்கும் இறங்கும். பச்சைத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து வைத்தால் பத்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறம் ஏறும்.

பெரிய பொருட்களுக்கும் பூட்டு, வைஸ் போன்ற சந்துள்ள பொருட்களுக்கும் மின்னாற்பகுப்பு நல்ல வழி. லிட்டருக்கு 15 கிராம் சலவை சோடா கரைத்த நீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் முனை துருப்பிடித்த பொருளுக்கு, பாசிட்டிவ் முனை தியாகத்துக்கு வைத்த கட்டடக் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் கருவிதான் கரையும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கம்பிக்கு நேராக இருக்கும் முகத்தில்தான் வேலை நடக்கும் என்பதால் நாலு பக்கமும் கம்பி வைப்பது அல்லது பொருளைத் திருப்பி வைப்பது நல்லது. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியை மாட்டாதீர்கள்; அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் நீரில் கரையும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது. குளோரின் வாயு வரும், போக்க நினைத்த குளோரைடையே ஊற்றியதாகவும் ஆகும். அலுமினியப் பாகங்களைக் கழற்றிவிடுங்கள், அந்த நீரில் அவை அரிக்கும். குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. இப்போது வரும் ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் பேட்டரி இணைந்திருந்தால் மட்டுமே மின்சாரம் விடும். வேலை செய்யவில்லை என்றால் சார்ஜர் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். மெல்லிய பேண்ட் சா (சக்கரங்களில் சுற்றி ஓடும் ரம்பம்) பிளேடுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம்: கடினமான உருக்குக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெறும், ஓடும்போது அறுந்தால் ஆபத்து.

கழிவறை கழுவும் ஆசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை நிமிடத்தில் தின்றுவிடும் என்பது உண்மை. குளோரைடை விட்டுவிட்டுப் போகும் என்பதும் உண்மை. ஊறவைப்பதை விடுங்கள், மூடி சரியாக இறுகாத ஒரு ஆசிட் பாட்டிலைப் பட்டறை மூலையில் வைத்தாலே போதும். அதன் புகை ஒரு வாரத்தில் அந்த அறையிலுள்ள எல்லா இரும்பையும் துருவால் சிவக்க வைத்துவிடும். காரணம் தெரியாமல் திடீரென்று துரு கூடிய பட்டறையில் முதலில் தேட வேண்டியது அந்தப் பாட்டிலைத்தான்.

எந்திர மேசைகள்

பிளானர், பேண்ட் சா, சர்க்குலர் சா மேசைகள் கனத்த வார்ப்பிரும்பு. அவற்றின் தொல்லை காலையில் தொடங்கும். இரவு மழையில் குளிர்ந்த மேசை, ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே வரும் கடற்காற்றில் வியர்க்கிறது. 28 டிகிரி வெப்பத்தில் 85 விழுக்காடு ஈரமுள்ள காற்று 25 டிகிரிக்குக் குறைவான எதைத் தொட்டாலும் நீரை விட்டுவிடும். மேசை கனமானது, சூடேற நேரமாகும். அதுவரை அதன் மேல் பனி. மழை பெய்த மறுநாள் முழுக் கதவையும் ஒரே மூச்சில் திறக்காமல், உள்ளே மின்விசிறியை ஓட விட்டு மேசை சூடேறக் கொஞ்ச நேரம் கொடுத்தால் பாதித் துரு வராது.

துரு வந்துவிட்ட மேசையைச் சீராக்க, முதலில் காய்ந்தபடியே ஒரு சவர பிளேடைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டுங்கள். பெரிய செதில்கள் போய்விடும். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டையான மரக்கட்டையில் சுற்றிய 320 எண் நீர்த்தாளால் மேசையின் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும், கடைசியில் 600. துரு இருக்கும் இடத்திலேயே நின்று வட்டமாகத் தேய்த்தால் பள்ளம் விழும், பிறகு அந்த மேசையில் இழைத்த பலகை எதுவும் நேராக வராது. பேண்ட் சா சக்கரத்தின் ரப்பர் பட்டையில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஊதிப் பிய்ந்துவிடும்.

மேசையைக் கொதிக்க வைக்க முடியாது. அதற்குப் பதில், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா கலந்த நல்ல நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, துணியை மாற்றி மாற்றி மூன்று முறை துடைக்க வேண்டும். சோடா இருப்பதால் உடனே துரு ஏறாது. பிறகு ஹேர் டிரையரால் சூடு காட்டி உலர்த்தி, ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு. கடைசியில் மெழுகு. மேசைக்கு எண்ணெய் பூசினால் மரத்தூள் ஒட்டும், பலகையில் கறை பட்டு பாலிஷ் பிடிக்காது. கார் பாலிஷ்களில் பலவற்றில் சிலிகான் உண்டு. அது பலகையில் தொற்றினால் வார்னிஷ் மீன்கண் போல விலகி நிற்கும். அதனால் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டிலேயே செய்வதும் சுலபம். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்திலேயே இருக்கும்போது தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை: 100 கிராம் மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தூர எடுத்து வந்து, 300 மில்லி டர்பன்டைன் கலக்க வேண்டும். அடுப்புக்கு மேல் வைத்தே கலந்தால் பற்றிக்கொள்ளும். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் விட்டுத் துணியால் தேய்த்தால் கை வழுக்கும். மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் இரு முறை. அதே மேசையில் சாயா கிளாஸை வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வட்டத் துரு முக்கால்வாசி அதனால் வருகிறது.

மெழுகு மேசைக்கு மட்டும்தான். ஏற்றி இறக்கும் திருகுகளுக்கும் சறுக்குப் பாதைகளுக்கும் எண்ணெயோ கிரீஸோ வேண்டும். வளைகுடாவுக்குப் போய் இரண்டு வருஷம் கழித்து வருபவர் பட்டறையைப் பூட்டும் முன் இழைப்பு பிளேடுகளைக் கழற்றித் தனியே எடுத்து, மேசையில் கிரீஸைத் தாராளமாகப் பூசி, மேலே கிரீஸ்தாள் ஒட்டி, பருத்தித் துணியால் மூடலாம். தார்ப்பாயைப் போட்டு இறுகக் கட்டுவது தப்பு. சிமென்ட் தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே சுற்றும்.

எந்த எண்ணெய்?

நம்மூரில் முதலில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். அது மோசமில்லை. ஆளி விதை எண்ணெய் போலக் காய்ந்து பிசினாகாது. ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை வருகிறதல்லவா, அப்போது அதில் கொழுப்பு அமிலங்கள் கூடியிருக்கும். இரும்புக்கு அது ஆகாது. வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசும் இழைப்புளி அடிக்குத் தேங்காய் எண்ணெய் போதும், பெட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும் உளிக்கு வேண்டாம். அதற்குத் தையல் எந்திர எண்ணெய். வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலில் எரிந்த கழிவும் அமிலமும் இருக்கும். அதைப் பூசுவது சிக்கனமில்லை. டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்டுவதில் கெட்டி, பெயரே அதைத்தான் குறிக்கிறது. ஆனால் அது விட்டுப்போகும் படலம் மெல்லியது, மழைக்காலம் முழுக்கத் தாங்காது. அடித்துத் துடைத்து, மேலே வேறு எண்ணெய் பூச வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை சாக்கும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் பொருத்தமான ஜோடி. ஜெல் ஈரம் குடித்துவிட்டால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி போடலாம். மூடாத பெட்டியில் ஜெல் போடுவது ஊர்க் காற்றையெல்லாம் காய வைக்கப் பார்ப்பது மாதிரி. கருவி அலமாரி மூடியதாக இருந்தால் அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கம் சரியானதே: காற்றை 28-லிருந்து 32 டிகிரிக்கு ஏற்றினால் 85 விழுக்காடு ஈரப்பதம் ஏறக்குறைய 68 ஆக இறங்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, சூடு போதாது. பல்பைச் சுற்றிக் கம்பி வலை போட்டு, மரத்தூள் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக மரமே கொண்டு வரும் துரு. அப்போதுதான் அறுத்த ரப்பர் மரத்தில் நீர் நிறைய இருக்கும்; அதன் தூளை பேண்ட் சா சக்கரத்திலும் மேசைக்கு அடியிலும் ராத்திரி விட்டுவைப்பது ஈரத்துணி சுற்றி வைப்பதற்குச் சமம். மருது, கருவேலம் போன்றவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈர மரமும் இரும்பும் சேர்ந்தால் பலகையிலும் பிளேடிலும் நீலக் கறுப்பு ஏறும். எல்லாவற்றிலும் மோசம் பழைய வள்ளத்தைப் பிரித்த பலகை. பார்க்கக் காய்ந்து இருக்கும், ஆனால் வருஷக்கணக்கில் குடித்த கடல் உப்பு அதற்குள் அப்படியே கிடக்கும். அதை இழைத்தால் உதிர்வது தூளல்ல, உப்பு கலந்த தூள். அந்த வேலை முடிந்த அன்று மேசையை வெறுமனே ஊதித் தட்டிவிட்டுப் போகாமல், சோடா நீர்த் துணியால் துடைத்து மெழுகு போட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும்.